வாடிய காயும் வரலாறும்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களின் நினைவில் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் தோன்றுகின்றன. அது இயல்பே. பாடநூல்கள் அவற்றையே முன்னிறுத்துகின்றன. ஆயினும் மக்கள் வாழ்வில் அரசர் வந்துபோன நாட்கள் சில. அடுப்பு மூட்டிய நாட்களோ எண்ணிலடங்கா. ஆதலின் அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நேற்று வாங்கி இன்று எஞ்சிய காய், கொடியிலேயே முற்றிப்போன காய், கூடையின் அடியில் வாடிக்கிடக்கும் கீரை ஆகியவற்றை மனிதன் என்ன செய்தான் என்பதே என் பொருள்.

இஃது அற்பமான பொருள் என்று எண்ணிவிட வேண்டா. கடலில் மாலுமிகள் ஆயிரக்கணக்கில் மாண்டதற்கும் பின்னர்ப் பிழைத்ததற்கும், பாரிசு நகரத்து மிட்டாய் வணிகர் ஒருவர் அரசின் பரிசைப் பெற்றதற்கும், அங்கேரி நாட்டு அறிஞர் ஒருவரின் ஆய்வு வெற்றி கண்டதற்கும், நம் நாட்டு இந்தூர் நகரின் பெயர் அயல்நாட்டு உழவு நூல்களில் இடம்பெற்றதற்கும் இப்பொருளோடு தொடர்பு உண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். வாடியது வேறு, அழுகியது வேறு. செடியினின்று பறித்த பின்னும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவிடுகிறது, நீரை இழக்கிறது. பெரும்பாலான காய்கறிகளின் எடையில் 80 முதல் 95 விழுக்காடு வரை நீரே ஆகும். அந்நீரில் சிறிது குறைந்தவுடன் தோல் சுருங்குகிறது. கீரையின் தலை சாய்கிறது. இதனையே வாடுதல் என்கிறோம். மெருகும் மொறுமொறுப்பும் போய்விட்டன. உயிர்ச்சத்துகளிலும் ஒரு பகுதி குறைந்திருக்கும். எனினும் உணவு என்னும் தகுதி போய்விடவில்லை. அந்நிலையிலும் கவனியாது விட்டால் பூசணமும் பாக்டீரியாக்களும் உட்புகுந்து திசுக்களைக் கரைக்கின்றன. அதுவே அழுகல். வாடலுக்கும் அழுகலுக்கும் இடையில் சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கின்றன. நான் கூறப்போகும் வரலாறு முழுவதும் அந்த இடைப்பட்ட பொழுதில் மனிதன் செய்த வேலையின் வரலாறே.

அவ்வேலைக்கு அவனுக்கு முதலில் துணைநின்றது வெயில். நம் தமிழ்நாட்டில் தை, மாசித் திங்கள்களில் காய்கள் மலிந்து விலை இறங்கும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் அரிதாகும். இம்மூன்று பருவங்களையும் ஒன்றோடொன்று இணைத்த அறிவுக்குப் பெயர்தான் வற்றல். கத்தரி, கொத்தவரை, பாகல், சுண்டை, மணத்தக்காளி என்று அதன் வகைகள் பல. கொத்தவரங்காயை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு வடித்துப் பின்னரே வெயிலில் பரப்புவர். அந்த ஒரு கொதி எதற்கு என்று சிறுவனாக இருந்தபோது என் பாட்டியாரைக் கேட்டேன். ‘அப்போதுதான் நிறம் கெடாது’ என்றார் அவர். அவ்விடையில் பிழையொன்றும் இல்லை. காயினுள் இருக்கும் நொதிகள் வெப்பத்தால் செயலிழப்பதால் நிறமும் சுவையும் மாறாமல் நிற்கின்றன என்று இன்றைய உணவு விஞ்ஞானம் கூறுகிறது. பாட்டியார் விளைவைக் கண்டார். விஞ்ஞானம் அதன் காரணத்தைக் கண்டது.

மோர்மிளகாய் போடும் முறையையும் எண்ணிப் பாருங்கள். கீறிய மிளகாயை உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலெல்லாம் வெயிலில் காயவைப்பர். மாலையில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் மிளகாய்க்குள் அடங்கும்வரை இது தொடரும். உப்பு, புளிப்பு, வெயில் ஆகிய மூன்று காவலர்களும் இங்கே ஒருங்கு கூடுகின்றனர். இதில் ஒரு வரலாற்று நுட்பமும் உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் கடல்வழி கண்ட பின்னரே நம் நாட்டிற்கு வந்தது. ஆகவே மோர்மிளகாயின் வயது சில நூற்றாண்டுகளே. ஆனால் காயை ஊறவைத்துக் காக்கும் பழக்கம் அதனினும் மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலேயே மாவடு ஊறுகாய் பற்றிய குறிப்பு இருக்கிறது. புதிய பயிர் வந்தபோது, பழைய முறை அதற்கும் இடங்கொடுத்தது என்று கொள்ளலாம்.

எஞ்சியவற்றைச் சுண்டவைத்துக் காப்பதும் நம்மவர் அறிந்த வழியே. நெல்லை, குமரிப் பகுதிகளில் பொங்கலுக்கோ திருமணத்திற்கோ மறுநாள், மிஞ்சிய குழம்பையும் காய்களையும் ஒன்றாக்கி நன்கு கொதிக்கவைத்துச் சுண்டச் செய்வர். சுண்டக்கறி என்பது அதன் பெயர். விருந்தினும் அதற்கு மறுநாட் சுண்டக்கறியே சுவை மிக்கது என்று கூறுவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாடிய காயின் செய்தி இது. முற்றிய காயின் செய்தி யாது? முற்றிய வெண்டை கறிக்கும் உதவாது, வற்றலுக்கும் உதவாது. அதனைக் கொடியிலோ செடியிலோ காயவிட்டு விதைக்கு எடுத்தனர். முற்றிய பீர்க்கின் கூடு உடம்பு தேய்க்கும் நாராயிற்று. முற்றிய சுரையின் குடுக்கை நீர் மொள்ளும் கலமாயிற்று, நீந்தப் பழகுவார்க்கு மிதவையாயிற்று, பாம்பாட்டியின் மகுடியுமாயிற்று. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பழமொழி கூறுகிறோம். கொல்லையில் முற்றிய சுரைக்காயும் கறிக்கு உதவாதுதான். ஆனால் அதற்கு வேறு வேலை இருந்தது.

வெயில் மிகுந்த நமக்கு உலர்த்துதல் எளிது. ஆண்டில் பல திங்கள் பனி மூடிக்கிடக்கும் நாட்டார் என்ன செய்வர்? அவர்கள் நம்பியது புளிப்பை. செர்மானியர் முட்டைக்கோசை மெல்லியதாகச் சீவி, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் உப்பிட்டு, காற்றுப் புகாதபடி சாடியில் அழுத்தி வைத்தனர். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும். அந்நீரில் தீய கிருமிகள் தலையெடுப்பதற்கு முன்பே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகும். நம் வீட்டுத் தயிர் புளிப்பதும் இவ்வினப் பாக்டீரியாக்களாலேதான். இந்தப் புளித்த கோசுக்குச் ‘சவர்கிரவுட்’ என்று பெயர். கொரியர் குளிர்காலத்திற்கு முன் ஊரோடு கூடிக் ‘கிம்ச்சி’ செய்யும் வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் மானிடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. சப்பானியரோ உப்பிட்ட அரிசித் தவிட்டில் காய்களைப் புதைத்து ஊறவைப்பர். அத்தவிட்டுப் படுகையைப் பக்குவப்படுத்த அவர்கள் முதலில் இடுபவை எவை தெரியுமா? கோசின் வெளி மடல், முள்ளங்கியின் நுனி போன்ற கழிவுகளே. நல்ல காய்க்கு இடம் செய்து கொடுப்பது கழித்த காயே.

இனி, இப்புளித்த கோசு உயிர் காத்த கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் மாலுமிகளுக்குப் புயலினும் பீரங்கியினும் கொடிய பகை ஸ்கர்வி என்னும் நோய். ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் உதிரும், ஆறிய பழம் புண் மீண்டும் திறக்கும், முடிவு மரணம். 1740-ஆம் ஆண்டில் புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் படையில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரைக் கொன்றது இந்நோயே. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயாளிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பண்டங்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். ஆயினும் பசும் பழத்தைப் பல திங்கள் கடலில் காப்பது எங்ஙனம்?

1768-இல் ‘எண்டெவர்’ என்னும் கப்பலில் புறப்பட்ட காப்டன் ஜேம்ஸ் குக், மூன்று டன்னுக்கும் மேற்பட்ட சவர்கிரவுட்டை உடன் எடுத்துச் சென்றார். மாலுமிகள் அதனைத் தொடவும் மறுத்தனர். குக் அவர்களை வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் அதனைப் பரிமாறச் செய்தார். மாலுமிகள் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிடில் விடலாம் என்றார். மேலோர் விரும்பி உண்பதைக் கண்டதும், ஒரு வாரத்திற்குள் எல்லோரும் அதனைக் கேட்டு வாங்கத் தொடங்கினர். குக் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்த செய்தி இது. இறங்கிய கரைதோறும் பசுங்கீரை பறித்து உண்ணவும் அவர் ஏற்பாடு செய்தார். பிற்பாடு பட்டேவியாவில் பற்றிய காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பலரைக் கொண்டுபோயின; ஆனால் ஸ்கர்வியால் அவர் ஒருவரையும் இழக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இந்நிகழ்ச்சியில் மற்றுமொரு பாடம் தெரிகிறது. தாம் உண்ணாததைப் பிறரை உண்ணச் செய்தல் எவர்க்கும் இயலாது.

உலர்த்தியும் புளிக்கவைத்தும் காத்த காய்க்குப் பழைய சுவை இராது. பறித்தபோது இருந்த சுவையை அப்படியே காக்க வழி உண்டா என்று ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்தவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர்; தொழிலால் மிட்டாய் செய்பவர். அவர் காய்களைக் கண்ணாடிச் சீசாக்களில் நிரப்பித் தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். பல திங்கள் கழித்துத் திறந்தபோதும் அவை கெடவில்லை. தம் முறையை நூலாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகரக் கலத்திற்கு உரிமை பதிவாயிற்று. காற்றை விலக்கியதே வெற்றிக்குக் காரணம் என்று அக்காலத்தில் எண்ணினர். வெப்பம் நுண்ணுயிர்களைக் கொல்வதே உண்மைக் காரணம் என்பது 1860-களில் லூயி பாஸ்டர் செய்த ஆய்வுகளால் விளங்கிற்று. அதனைக் காண அப்பேர் உயிரோடில்லை. அவர் 1841-இல் வறுமையில் இறந்தார்.

இவ்விடத்தில், உண்ணாது விட்ட ஒரு காயின் கதையையும் கேளுங்கள். ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் யாது என்று இருபதாம் நூற்றாண்டில் பலர் தேடினர். அங்கேரி நாட்டுச் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அப்பொருளைச் சிறிதளவே பிரித்தெடுத்திருந்தார். மேலும் ஆராய அது போதவில்லை. ஒருநாள் இரவு உணவில் அவர் மனைவியார் சிவந்த பச்சைமிளகாய் இனத்துக் காய் ஒன்றைப் பரிமாறினார். அவருக்கு அன்று அதனை உண்ண மனமில்லை. ‘இக்காயை நாம் இதுவரை சோதித்ததில்லையே’ என்ற எண்ணம் தோன்றவே, அதனை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் சென்றார். நள்ளிரவுக்குள் அது வைட்டமின் ‘சி’யின் களஞ்சியம் என்பது தெரிந்துவிட்டது. சில வாரங்களில் அச்சத்துக் கிலோகிராம் அளவில் கிடைத்தது. 1937-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இச்செய்தியை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். உண்ண விருப்பமில்லாத காயை அவர் குப்பையில் இடவில்லை என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

இனி, உண்ணும் நிலையைக் கடந்து உண்மையிலேயே அழுகிவிட்ட காயின் கதி என்ன? அதற்கும் ஓர் இடம் உண்டு, அது மண். உழுவதினும் எருவிடுதல் நன்று என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்திருக்கிறார். நம் உழவர் அதனை அறிந்தே குப்பைக்குழியை வீட்டுச் செல்வமாகப் போற்றினர். இவ்வறிவை முறைப்படுத்தி உலகிற்கு உரைத்தவருள் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்த அவ்வாங்கிலேயர், கற்பிக்க வந்த இடத்தில் உழவரிடமே கற்றார். 1924 முதல் 1931 வரை இந்தூர் நிலையத்தில் அவரும் அவர் மனைவியார் கேப்ரியலும், நம் நாட்டவராகிய யசுவந்த் வாட் என்பாரும் சேர்ந்து செடிகொடிக் கழிவு, சாணம், மூத்திரம் கலந்த மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, மும்முறை புரட்டி, மூன்று திங்களில் நல்ல எருவாக்கும் முறையை வகுத்தனர். 1931-இல் ஹோவர்டும் வாடும் அதனை நூலாக வெளியிட்டனர். ‘இந்தூர் முறை’ என்றே அது வழங்கலாயிற்று. 1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசாரியா என்பவர் நகரக் கழிவுகளுக்கு ஏற்றதொரு முறையைக் கண்டார். அது ‘பெங்களூர் முறை’ எனப்பட்டது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் சத்துணவுக் கூடத்தின் பின்புறம் இத்தகைய குழியொன்றை மாணவர்கள் அமைத்தனர். காய்த்தோல், வாடிய கீரைத் தண்டு, வேப்பஞ்சருகு, சாணம் எனப் படிமம் படிமமாக இட்டனர். பத்தாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்ட மாணவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நெருப்பில்லாமல் சூடு எங்கிருந்து வந்தது என்று வகுப்பு முழுவதும் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு வாழும் உழைப்பின் சூடு அது என்று விளக்கினேன். அடுத்த பருவத்தில் அவ்வெருவிட்ட பாத்தியில் விளைந்த பரங்கியும் கீரையும் அதே கூடத்தின் அண்டாவிற்குச் சென்றன. உயிரியல் பாடத்தின் சுழற்சிப் படத்தை அதன்பின் நான் கரும்பலகையில் வரைய நேரவில்லை.

இத்துணை வழிகளையும் அறிந்த மனிதகுலம் இன்று எந்நிலையில் இருக்கிறது? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது. உண்ண முடியாத தோலும் கொட்டையும் இக்கணக்கில் சேர்ந்திருப்பினும், அதிலுள்ள உணவின் அளவும் பெரிதே. பசித்திருப்போர் கோடிக்கணக்கில் உள்ள உலகில் நிகழ்வது இது. மேலும், குப்பைமேடுகளில் காற்றுப்படாமல் அழுகும் காய்கறி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. இவ்வீணாகும் உணவை 2030-க்குள் பாதியாக்க வேண்டும் என்று 2015-இல் உலக நாடுகள் உறுதி பூண்டன.

குளிர்ப்பெட்டி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். குளிர்ப்பெட்டி காலத்தை நீட்டித் தருகிறது, நிறுத்திவிடுவதில்லை. முன்பு கூடையின் அடியில் வாடியது இப்போது பெட்டியின் மூலையில் மறந்து கிடக்கிறது. முன்னோர் காயைத் தினமும் கண்ணால் கண்டனர். நாம் கதவைச் சாத்திவிட்டு அமைதி கொள்கிறோம்.

ஆகவே மாணவ நண்பர்களே, வாரத்தில் ஒருநாள் உங்கள் வீட்டுக் காய்க்கூடையைப் பெரியவர்களுடன் சேர்ந்து சோதியுங்கள். சுருங்கிய கேரட்டும் வாடிய பீன்சும் கூட்டாகலாம், தளர்ந்த தக்காளி தொக்காகலாம், பீர்க்கந்தோல் துவையலாகலாம். சிக்கனத்தின் பெயரால் உடல்நலத்தைப் பலியிடுதலும் ஆகாது. பூசணம் படர்ந்த மென்காய், வழுவழுப்பும் கெட்ட நாற்றமும் உடையது, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாயில் இடாதீர்கள். அவை மண்ணுக்கே உரியவை. உப்பிப் புடைத்த தகரக் கலத்து உணவையோ திறக்கவும் வேண்டா.

எது உண்ணத் தக்கது, எது உலர்த்தத் தக்கது, எது விதைக்கு ஆவது, எது எருவுக்குப் போவது என்று நான்காகப் பகுத்தறியும் அறிவு நம் பாட்டிமார்க்குக் கைவந்த கலை. அதற்கு அவர்கள் பட்டம் பெறவில்லை; எவரும் பரிசளிக்கவும் இல்லை. இன்னும் அவ்வறிவுடையார் உங்கள் வீடுகளில் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்தத் திங்களில் எந்தக் காய், எத்துணை உப்பு, எத்தனை நாள் வெயில் என்று நீங்கள் எழுதும் அப்பக்கங்களும் வரலாறே.